மீதியை அவள் சொல்வாள்

"அவர் சொல்லல. நீ சொல்றே—"

"நான் எங்கடா சொல்றேன்? அவர் வாயால சொன்னதைத்தான்—"

"அதையேதான் நானும் சொல்றேன். அவர் சொன்னதா நீ சொல்றே. என் காதால நான் கேட்டேனா?"

"கேக்கறதுக்கு நீ இங்க இருக்கணும்ல?"

"வந்துட்டியா அதுக்கு! ஞாயித்துக்கிழமை ஆனா வந்து நிக்கிறேன்ல?"

"நிக்கிறே. நின்னுட்டுக் கிளம்பிடறே."

தம்பி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஆக்சிஜன் மெஷினின் பின்மூடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தான். அது திறந்து கிடக்கும் வரை அப்பாவுக்கு மூலையிலிருந்த சிலிண்டரிலிருந்து காற்று போய்க்கொண்டிருந்தது. மெஷினுக்குள்ளிருந்து தூசி பிடிக்கும் பஞ்சை உருவி, ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டி உதறினான். கோபத்தில் உதறியதில் பாதித் தூசி வீட்டுக்குள்ளேயே திரும்பி வந்தது.

"வெளிய போய் உதறித் தொலையேன். அவர் மூக்குக்கு நேராவா?"

"பேச்சை மாத்தாதே."

அக்கா தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். துணிக்கடையில் வாங்குகிறவர்களின் பேன்ட்டுகளைக் காலளவுக்குக் குறைத்துத் தைத்துக் கொடுப்பது அவள் வேலை. முன்பு கடையின் மாடியிலேயே உட்கார்ந்து தைத்தாள். அப்பாவுக்கு முடியாமல் போன பிறகு மூட்டையாக வீட்டுக்கு வாங்கி வந்துவிடுகிறாள். இப்போது ஊசிக்கு அடியில் ஒரு கறுப்புக் கால் பாதி மடிப்பில் நின்றிருந்தது.

"மறுபடி முடியாமப் போனா தொண்டைக்குள்ள குழாய் விட வேணாம்னு முன்கூட்டியே டாக்டர்கிட்ட சொல்லிடச் சொன்னார்டா. போன தடவையே அவருக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு."

"போன தடவை அந்தக் குழாய் இல்லேன்னா இன்னிக்கு இந்தக் கட்டில் காலி."

"அது எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சேதான் சொல்றியா?"

கை எட்டும் தூரத்தில், முதுகுக்குப் பின்னால் தலையணைகளை அடுக்கி, மூக்கில் மெல்லிய டியூபோடு, அப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுவது போல அவர் முன்னாலேயே பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது இருவருக்கும் உறைக்கவில்லை.

"இங்க பாரு," என்றான் தம்பி, ஸ்க்ரூடிரைவரை நீட்டி. "லிஃப்ட் நடுவுல நின்னுபோச்சுன்னு போன் வரும். போய்க் கதவை நெம்பிப் பிடிச்சு ஆளை வெளிய இழுப்பேன். உள்ள இருக்கறவன்கிட்ட, ஐயா வெளிய வர உங்களுக்குச் சம்மதமான்னு கேட்டுக்கிட்டா நிப்பாங்க?"

"அவர் லிஃப்ட்ல மாட்டலடா."

"எனக்கு அப்படித்தான் தெரியுது."

எழுந்து கட்டிலருகே போனான். "அப்பா, நீங்களே சொல்லுங்க. குழாய் வேணாம்னு சொன்னீங்களா?"

அப்பா வாயைத் திறந்தார். "நான்... அன்னிக்கே..." அதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. தோள்கள் காதுவரை ஏறின. தம்பி குனிந்து, "சரிப்பா, சரிப்பா, பேச வேணாம், விடுங்க!" என்று முதுகைத் தடவினான். இருமல் அடங்கியதும் அப்பா அவனைப் பார்த்து, நிதானமாக, இரண்டு கண்களையும் இறுக மூடிக் காட்டினார்.

"பாரு, அசந்து தூங்கறார். இவரையா தொந்தரவு பண்றே?"

"தூங்கலடா. ஆமாங்கறார்."

"கண்ணை மூடினா ஆமாவா? இது எந்த ஊர்ப் பாஷை?"

இந்த வீட்டுப் பாஷைதான்.

அப்பா மொத்தக் காய்கறி மார்க்கெட்டில் ஏலம் விட்டவர். பொழுது விடியும் முன்னால் பெட்டி மேல் ஏறி நின்று குரல் கொடுத்தாரென்றால், அந்தக் கோடியில் லாரிக்கு அடியில் படுத்திருப்பவனும் எழுந்து விலை கேட்பான். மைக்செட் என்றுதான் அவருக்குப் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் மார்க்கெட்டில் யாரும் வழி சொல்ல மாட்டார்கள். மூட்டை உதறும் தூசி, லாரிப் புகை, விரலிடுக்கில் அணையாமல் இருந்த சொந்தப் புகை எல்லாம் ஒரே நெஞ்சுக்குள் போய்ச் சேர்ந்தன. "காத்து உள்ள போயிடுது பெரியவரே. பழசு வெளிய வர மாட்டேங்குது" என்று டாக்டர் படத்தைக் காட்டி விளக்கியபோது, "காலி பண்ணாத... குடித்தனக்காரன்" என்றார் அப்பா. டாக்டரே சிரித்துவிட்டார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, இந்தக் குடித்தனக்காரனை யாராலும் கிளப்ப முடியாது, பேச்சைக் குறைத்து மூச்சை மிச்சம் பிடியுங்கள் என்றார்.

பேச்சைக் குறைப்பதா? மைக்செட்டா? இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் ஓடாது, அடுத்ததற்கு உதட்டைக் குவித்து ஊதி, கழுத்து நரம்பு புடைக்க இழுத்தாக வேண்டும். அந்த இழுப்பைப் பார்க்கச் சகிக்காமல் மகள் மீதியைத் தானே சொல்ல ஆரம்பித்தாள். அவர் தொடங்குவார், அவள் முடிப்பாள். சரியென்றால் கண்ணை மூடுவார். தப்பென்றால் கட்டில் சட்டத்தில் விரல் முட்டியால் தட்டுவார். எழுதிக் காட்டவும் வழியில்லை. எண் தெரியும், கையெழுத்து வரும், மற்றதெல்லாம் அவருக்கு வாய்தான். கல்யாணமாகி நாலாம் வருஷமே தனியாகத் திரும்பி வந்த மகள்தான் இப்போது அந்த வாய். போகப் போக, வந்தவர்கள் அவரைப் பார்த்துக் கேட்டுவிட்டு இவளைப் பார்த்துப் பதில் வாங்கிக்கொண்டு போனார்கள். பழைய வெங்காய மண்டிக்காரர் ஒருமுறை வந்து, "எப்படிப்பா இருக்கே?" என்றபோது, "உன்னை விட..." என்று அப்பா தொடங்கினார். "நல்லாத்தான் இருக்கேங்கறார்" என்றாள் இவள். டொக். "தைரியமா இருக்கேங்கறார்." டொக். "அழகா இருக்கேன்னு சொல்றாருங்க மாமா." கண் மூடியது.

சில நேரம் அவர் தொடங்கும் முன்பே முடித்துவிடுவாள்.

"நான் இன்னும்... பேசவே இல்ல."

"உங்களுக்கும் சேத்து நான் பேசிட்டேன். மூச்சை வீணாக்காதீங்க."

"அடிப்பாவி."

குழாய் எடுத்து வீட்டுக்கு வந்த அன்று மட்டும் அவளை முடிக்கவிடாமல் கையமர்த்தினார். விட்டு விட்டு, சாயங்காலம் வரை சொன்னார். தொண்டைக்குள் கம்பு சொருகின மாதிரி இருந்தது. கையைக் கட்டியிருந்தார்கள். சுற்றி இருந்தவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் காதில் விழுந்தது. கத்தினார், சத்தம் வரவில்லை. ஊரையே கூப்பிட்ட தொண்டையில் ஒரு முனகல்கூட வரவில்லை. அதுதான் அவருக்குச் சாவை விடக் கேவலமாக இருந்தது. இனிமேல் வேண்டாம். அவள் சோதித்துப் பார்க்கத் திருப்பிக் கேட்டாள்: "அப்போ, மறுபடி தேவைப்பட்டா போடலாமா?" முட்டித் தோல் உரியத் தட்டினார்.

"சரிப்பா. நான் சொல்லிடறேன்."

"நீதான்... சொல்லணும். அப்போ எனக்கு... வராது."

அதைத்தான் இப்போது தம்பியிடம் சொல்லிப் பார்த்தாள். அவனோ மூடியை வைத்துத் திருகாணிகளை ஒவ்வொன்றாக முடுக்கினான். மெஷினை ஓடவிட்டு, காதை வைத்துக் கேட்டு, அப்பாவின் டியூபை மாற்றிச் செருகினான். கையில் நல்ல வேலைக்காரன். அப்பா கழிப்பறை வரை நடக்கட்டும் என்று நீள டியூப் தேடி வாங்கி வந்தவனும் அவன்தான். வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டே சொன்னான்:

"ஒண்ணு சொல்லட்டுமா? உனக்குக் கை ஓய்ஞ்சு போச்சுக்கா. நான் தப்பு சொல்லல, யாருக்கா இருந்தாலும் ஓயும். அதுக்கு அவர் பேரைச் சொல்லாதே."

அவள் கறுப்புக் காலின் மடிப்பை விரலால் நீவி ஊசிக்கு நேராக்கினாள்.

"சாப்பிட்டுப் போடா," என்றாள்.

"பசிக்கல."

அவன் படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும் அப்பா, "அவன் ஒரு... பயந்தாங்..." என்றார்.

"கொள்ளி."

கண் மூடித் திறந்தது. பிறகு விரலை அவள் பக்கம் திருப்பினார். "நீ?"

அவள் மிதியை அழுத்தினாள். ஊசி கறுப்புக் காலை ஓட்டமாகத் தைத்து முடித்தது.

மறுநாள் சளியின் நிறம் மாறியிருந்தது. வீட்டில் எடுத்து வைத்திருந்த மாத்திரையைத் தொடங்கினாள், டாக்டருக்குப் போன் செய்தாள், இரண்டு வேளை பார்க்கலாம் என்றார். செவ்வாய்க்கிழமை பேன்ட் மூட்டை இருமடங்காக வந்திருந்தது. மெஷின் ஓடும்போது அப்பாவின் மூச்சுச் சத்தம் கேட்காது. அதனால் ஒவ்வொரு காலின் மடிப்பு முடிந்ததும் மிதியிலிருந்து காலை எடுத்து, காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் அடுத்ததை எடுப்பாள். பல நாள் பழக்கம். மத்தியானம் அப்படி நிறுத்தியபோது உதட்டைக் குவித்து ஊதும் சத்தத்துக்குப் பதிலாக ஏதோ பேச்சு கேட்டது.

"தக்காளி... நல்ல தக்காளி... கேளு, கேளு..."

சுவரைப் பார்த்து ஏலம் விட்டுக்கொண்டிருந்தார். உதடு நீலம் பூத்திருந்தது.

"அப்பா! இங்க பாருங்க. நான் யாரு?"

"எடைக்கு... ஆள் வரல..."

ஆம்புலன்ஸில் முன்னும் பின்னும் ஆடியபடி அவர் காதோரம் குனிந்து, "மாஸ்க் மட்டும்தான்ப்பா. குழாய் இல்ல. நான் சொல்லிடறேன்" என்றாள். அந்த நேரத்தில் அவருக்குப் புத்தி தெளிந்திருந்தது. அவளைப் பார்த்துக் கண்ணை மூடினார்.

அவசரப் பிரிவில் முகத்தை முழுக்க அடைக்கும் மாஸ்க்கைக் கட்டி, அதற்குள் மெஷின் காற்றை அடித்து ஏற்றியது. புயலில் நின்று பேசுவது போல அவர் கன்னம் துடித்தது. இளம் டாக்டரம்மா, பேனா மூடியைப் பல்லில் கடித்தபடி, ரத்தப் பரிசோதனை முடிவையும் அவரையும் பார்த்தாள். அதற்குள் தம்பியும் வந்து சேர்ந்தான். கையில் கிரீஸ், இடுப்புப் பெல்ட்டில் சாவிக் கொத்து, தலையில் கழற்ற மறந்த வேலை ஹெல்மெட்.

"மாஸ்க் போதல," என்றாள் டாக்டர். "கெட்ட காத்து உள்ளேயே ஏறிக்கிட்டுப் போகுது. குழாய் போட்டா இந்தக் கண்டத்தைத் தாண்டலாம். ஆனா இவர் நுரையீரல் இருக்கற நெலமைக்கு, போட்டதைத் திருப்பி எடுக்க முடியாமலும் போகலாம். போடாட்டி வலி, திணறல் தெரியாம மருந்து குடுத்து வச்சுக்கலாம். ரொம்ப நேரம் தாங்காது. இப்பக் கொஞ்சம் முழிப்பா இருக்கார். அவரையே கேட்டுடறேன்."

மாஸ்க்கைச் சற்றே தூக்கி, சத்தமாக, கனிவாகத்தான் கேட்டாள். "ஐயா, தொண்டையில குழாய் போடலாமா?"

"வேணாம்... போதும்மா... வீட்டுக்கு..."

அது வார்த்தையாக வெளியே வரவில்லை. வறண்ட உதட்டில் காற்று உரசிய சத்தம், அவ்வளவுதான். டாக்டர் காதைக் கிட்டே கொண்டுபோனாள். ஒன்றும் புரியாமல் நிமிர்ந்து மாஸ்க்கைத் திரும்ப அழுத்தினாள்.

"என்ன சொல்றார்?"

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள்.

ஒரு சொட்டு சந்தேகம் அவளுக்கு இல்லை. அத்தனையும் புரிந்தது. வேண்டாங்கறார் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் தம்பியின் முகம் எதிரில் இருந்தது. அதில் ஞாயிற்றுக்கிழமைக் கோபம் எதுவும் மிச்சமில்லை. திருவிழாக் கூட்டத்தில் கை நழுவிய பிள்ளை மாதிரி வாய் பிளந்து நின்றான்.

"என்னக்கா சொல்றார்? அக்கா?"

இதைச் சொன்னால் சொன்னது அப்பாவாக இருக்காது. நானாகத்தான் இருப்பேன். கை ஓய்ந்து போனவள் சொன்னாள் என்று அவன் சாகும் வரை நினைப்பான். அவன் கிடக்கட்டும். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து நானே நினைப்பேன், அது அவர் குரலா என் குரலா என்று. உண்மையில் கை ஓயத்தானே ஓய்ந்திருக்கிறது? எத்தனை நாள் மடிப்பு முடிந்து காலை எடுக்கும்போது, இப்போது சத்தம் கேட்காமல் இருந்தால் என்று ஒரு நொடி—

"போடச் சொல்றார்," என்றாள்.

"நல்லது. அவரே சொன்னாச் சரி," என்று டாக்டர் திரும்பி மருந்துப் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தாள்.

டங்.

ஒரு கையை ஊசி ஏற்ற நர்ஸ் பிடித்திருந்தாள். இன்னொரு கையில் பிரஷர் பட்டை இறுகியிருந்தது. அப்பா குதிகாலால் கட்டில் கம்பியில் அடித்தார். டங். டங். டங்.

"பெரியவரே, காலை அடிக்காதீங்க. ஒண்ணுமில்ல, இதோ ஆச்சு."

"பயத்துல தவிக்கறார்," என்றாள் டாக்டர்.

தம்பி பாய்ந்து அந்தக் காலை இரண்டு கைகளாலும் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "அப்பா, பயப்படாதீங்கப்பா, நான் இருக்கேன்ல, இங்கயேதான் இருக்கேன்."

சத்தம் நின்றது. திரையை இழுத்து மூடினார்கள்.

உயிர் நின்றுவிட்டது, அதாவது, போகாமல் நின்றுவிட்டது. வாய் ஓரத்தில் பிளாஸ்திரி ஒட்டிய குழாய், அதன் மறுமுனையில் அவருக்காக மூச்சு விடும் மெஷின், பிடுங்கிவிடாமல் இருக்கத் துணிப்பட்டையால் கட்டிலோடு கட்டிய கைகள். மயக்க மருந்தைக் குறைத்ததும் கண் விழித்தார். குழாயை எடுத்துப் பார்க்க இருமுறை முயன்றார்கள். இருமுறையும் மூச்சு அவர் வசம் வரவில்லை.

பார்வையாளர் நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடுவார்கள். அவள் போய் நிற்பாள். "அப்பா" என்பாள். அவர் பார்ப்பார். அவள் நிற்கும் நேரம் முழுக்கப் பார்ப்பார். கண்ணில் நீர் கோத்தாலும் இமை இறங்காது. முகத்தைத் துடைத்துவிடும் நர்ஸுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"நாள் பூரா மூடிக்கிட்டுத்தான் கிடக்கறார். நீங்க வந்தாப் போதும், கண்ணை மூடவே மாட்டேங்கறார். மகள் மேல அவ்வளவு பாசம்."

"ஆமா," என்றாள் அவள்.

கேன்டீனில் தம்பி இரண்டு டீ வாங்கி வந்து ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினான். சவரம் செய்யாத முகம். வேலைக்கு லீவு போட்டுவிட்டு வராந்தா நாற்காலியிலேயே கிடக்கிறான். போன் செய்யும் சொந்தக்காரர்களிடம் எல்லாம், "அப்பாவே கேட்டு வாங்கிக்கிட்டார். அந்த நெலமையிலயும் வாழணும்னு ஒரு வைராக்கியம் பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கு நான் பேசினதை மனசுல வச்சுக்காதக்கா," என்றான்.

"என்னிக்கு?"

"ஞாயித்துக்கிழமை. கை ஓய்ஞ்சு போச்சுன்னு... நாக்குல சனி. நீ அவரை விட்டுடுவியோன்னு ஒரு பயம், அதான். நீ என்னன்னா, அவர் வாயத் தொறந்ததும் டக்குனு எடுத்துச் சொல்லிட்டே. எனக்கெல்லாம் ஒரு எழவும் புரியல."

"டேய், அன்னிக்கு அவரு..."

"நல்லாத் தெளிவா இருந்தாரு. தெரியும்க்கா. நான்தான் பாத்தேனே."

"இல்லடா, அவர் சொன்னது..."

"வாழணும்னு சொன்னார். விடு, அழாதே. டீ ஆறுது பாரு."

அவள் டீயைக் குடித்தாள். ஆறித்தான் போயிருந்தது. சொல்ல வந்தது அதோடு சேர்ந்து உள்ளே இறங்கியது. ஏடு படிந்த டம்ளரைக் கீழே வைத்தபோது, டாக்டர் கூப்பிடுவதாக வாசலிலிருந்து ஒரு ஆள் கையசைத்தான்.

அதே டாக்டரம்மாதான். இந்த முறை உட்காரச் சொன்னாள்.

"வாய் வழியா விட்ட குழாயை இதுக்கு மேல வச்சிருக்கக் கூடாது. புண்ணாயிடும். கழுத்துல சின்னதா ஓட்டை போட்டு அது வழியா மெஷினை மாட்டலாம். மாட்டினா இப்படியே மாசக்கணக்கா இருக்கலாம். வீட்டுக்குப் போவார்னு என்னால வாக்குக் குடுக்க முடியாது. பேச்சு வராதுன்னே வச்சுக்குங்க. அது வேணாம்னா, குழாயை எடுத்துட்டு, கஷ்டமில்லாம அனுப்பி வைக்கலாம். அவர் மூச்சு தாங்கற வரைக்கும்."

தம்பி ஹெல்மெட்டை மடியில் வைத்து உருட்டிக்கொண்டே கேட்டான். "நாங்க என்ன டாக்டர் சொல்றது?"

"நீங்க சொல்ல வேணாம். அவர் முழு நினைவோட இருக்கார். பேச முடியாதே தவிர எல்லாம் கேக்குது. அன்னிக்கு மாதிரியே அவரையே கேட்டுடுவோம். அவர் சாடை உங்க அக்காவுக்குத்தானே அத்துப்படி?"

இன்றைக்கு மட்டும் இரண்டு பேரையும் ஒன்றாக உள்ளே விட்டார்கள். பிளாஸ்டிக் அங்கியைக் கட்டிக்கொள்ளும்போது அவள் விரல்களுக்கு முடிச்சு பிடிபடவில்லை. தம்பிதான் பின்னால் நின்று கட்டிவிட்டான். அப்பாவின் கை முன்னைவிட மெலிந்து, துணிப்பட்டைக்குள் தொளதொளவென்று கிடந்தது. மெஷின் ஒரே சீராக மூச்சை ஏற்றி இறக்கியது. கட்டிலின் அந்தப் பக்கம் டாக்டர் நின்றாள். காலடியில் நர்ஸ். வாசனை பிடித்தது போல, அக்கா நெருங்கியதுமே அப்பாவின் கண்கள் திறந்து அவள் முகத்தில் வந்து நின்றன.

தம்பி அவளை மெதுவாக முன்னுக்குத் தள்ளினான். அவள் தோளில் அவன் கை சூடாக இருந்தது.

"கேளுக்கா. இனிமே நான் குறுக்க பேசவே மாட்டேன். அவர் என்ன சொல்றாரோ, அதை அப்படியே நீ சொல்லு, போதும்."